புகழ் யாருடைய கண்ணில்? புகழ்பெற்ற வணிகக்குறிகளும் வட சிலாங்கூர்த் தோட்ட மக்களும்

முன்னுரை

கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டப் பின்னணியில் வந்த மாணவி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். தோட்டத்தை விட்டு வெளியேறிய அவருடைய தாயார், பெஸ்தாரி ஜெயாவில் சமைத்த உணவும் கறித்தூளும் விற்றுவந்தார். கடையின் பெயர்ப்பலகையில் இருந்த ஒரு சொல், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் புகழ்பெற்ற பெயரை ஒத்திருப்பதாகவும், பதினான்கு நாள்களுக்குள் அதனை அகற்றவேண்டும் என்றும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழக்கறிஞர் கடிதம் அது. அதன் பொருள் என்னவென்று அறிந்துகொள்ளவே மாணவி என்னிடம் வந்தார். ஆனால், கடிதம் கிடைத்த மூன்றாம் நாளே தாயார் பலகையைக் கழற்றிவிட்டார்.

அவர் கழற்றியது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது அந்தப் பெயரையும் சரக்கையும் சான்றுகளையும் பொறுத்தது. ஆயினும், 'புகழ்பெற்ற பெயர்' என்று ஒருவர் உரிமை கொண்டாடும்போது, அப்புகழ் எந்த நாட்டில், எந்த மக்களிடத்தில் உள்ளது என்ற கேள்வியைச் சட்டம் கட்டாயம் கேட்கிறது. அந்தத் தாயாரிடம் இதனை எடுத்துக்கூற எவரும் இல்லை. புகழ்பெற்ற வணிகக்குறிகளுக்குப் பல நாடுகள் அளிக்கும் பாதுகாப்பு எத்தகையது, அதனை அளக்கும் கோல் எது, அக்கோலில் நம் தோட்ட மக்களுக்கு உரிய இடம் யாது என்பனவற்றை விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

தோட்டக் கடையும் சாப்பும்

வட சிலாங்கூர்த் தோட்டங்கள் தொடக்கத்திலிருந்தே உலகச் சந்தையோடு பிணைக்கப்பட்டவை. மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917-ஆம் ஆண்டு, பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான். நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கொனியே. தோட்டத்தின் பெயரோ தமிழ்ப்பெயர். பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. பழைய தோட்டப் பெயர்கள் மக்கள் வாயில் இன்னும் வழங்குகின்றன.

ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் வட்டாரத் தோட்டங்களில் லயத்தில் வாழ்ந்த முதியோருள் பலர் ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கள். ஆயினும், கடையில் தாம் வேண்டிய சரக்கைப் பிழையின்றிக் கேட்டு வாங்கினர். கோடரிப் படம் பொறித்த எண்ணெய்க் குப்பியைக் 'கோடாலித் தைலம்' என்றனர். அதனையே மலாய்க்காரர் 'மின்யாக் சாப் காப்பாக்' என்றனர். தலையில் வாளி சுமக்கும் பெண்ணின் படம் உள்ள கெட்டிப்பால் மலாய் வழக்கில் 'சாப் ஜுன்ஜோங்' ஆயிற்று. நிறுவனம் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்றாக இருக்க, மக்கள் வைத்த பெயர் வேறாக இருந்தது. மலாய்ச் சொல்லாகிய 'சாப்' இந்தியிலிருந்து வந்தது. முத்திரை என்பது அதன் பொருள். தமிழில் 'யானை மார்க்', 'கிளி மார்க்' என்று 'மார்க்' பெற்றுள்ள இடத்தை மலாயில் 'சாப்' பெற்றுள்ளது. வணிகக்குறிகளைப் பற்றிய மலேசியச் சட்டத்தின் பெயரே 'சாப் டாகாங்ஙான்' என்னும் தொடரைக் கொண்டிருத்தல் மொழியாய்வாளர் நோக்கத்தக்கது.

எழுத்தறியா நுகர்வோரும் நீதிமன்றமும்

எழுத்தறியாத கீழை நாட்டு நுகர்வோரின் கண்ணுக்கு நீதிமன்றங்கள் நெடுங்காலத்திற்கு முன்பே மதிப்பளித்துள்ளன. இரண்டு வழக்குகளை இங்குச் சுட்டலாம்.

முதலாவது, பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை 1882-இல் தீர்த்த ஜான்ஸ்டன் எதிர் ஓர் யூவிங் வழக்கு. பம்பாய்க்கும் ஏடனுக்கும் ஏற்றுமதியான சிவப்பு நூற்கட்டுகளில் இரட்டை யானைப் படம் ஒட்டப்பட்டிருந்தது. மக்கள் அந்நூலை இரட்டை யானை என்ற பெயராலேயே அறிந்திருந்தனர். வேறொரு நிறுவனம் தன் நூற்கட்டிலும் இரண்டு யானைகளை ஒட்டியது. படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். எழுத்தைப் படிப்பவருக்கும் தெரியும். ஆயினும், அந்நூலை வாங்குவோர் யார் என்பதையே சபை கருத்திற் கொண்டு தடையாணையை உறுதிசெய்தது.

இரண்டாவது நமக்கு இன்னும் அணுக்கமானது. சிங்கப்பூரிலிருந்து சென்ற மேல்முறையீட்டில், 1964-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் ஒயிட் ஹட்சன் நிறுவனத்தின் வழக்கைத் தீர்த்தது. 'ஹாக்ஸ்' என்னும் இருமல் மிட்டாய் சிவப்புத் தாளில் சுற்றி விற்கப்பட்டது. மற்றொரு நிறுவனம் 'பெக்டோ' என்னும் மிட்டாயை அதே போன்ற தாளில் சுற்றி விற்றது. தாளில் எழுதியிருந்த பெயர்கள் தெளிவாக வேறுபட்டவை. ஆனால், வாங்குவோருள் பலர் ஆங்கிலம் படிக்காதவர்; 'சிவப்புத் தாள் இருமல் மிட்டாய்' என்று கேட்டே வாங்கினர். ஆகவே, ஹாக்ஸ் நிறுவனத்தின் கோரிக்கை ஏற்கப்பட்டது.

தன் சரக்கைப் பிறருடைய சரக்கெனத் தோன்றும்படி விற்பதைத் தடுக்கும் இப்பொதுச்சட்ட உரிமையை இக்கட்டுரையில் 'மயக்க விற்பனைத் தடை' எனக் குறிப்போம். இதன் அடிப்படை, வாங்குபவர் மனத்தில் பதிந்துள்ள நற்பெயராகும். பதிவேட்டில் இடம்பெறாத குறிக்கும் இத்தடை துணைநிற்கும்.

எல்லைக் கோட்பாடும் அதன் விலக்கும்

வணிகக்குறி உரிமை நாட்டெல்லைக்கு உட்பட்டது என்பது பொதுவிதி. மலேசியாவில் பதிந்த குறிக்கு இந்தியாவில் தானாக உரிமை வாராது. சென்னையில் பதிந்த குறிக்குக் கோலாலம்பூரில் தானாக உரிமை வாராது. இவ்விதியை மட்டும் பின்பற்றினால், ஒரு நாட்டில் புகழ்பெற்ற பெயரை இன்னொரு நாட்டில் எவரும் முந்திப் பதிந்துகொள்ள இயலும். இக்குறையை நீக்கவே 'நன்கறியப்பட்ட குறி' என்னும் விலக்கு உருவாயிற்று.

1883-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையில், 1925-இல் ஹேக் நகர மாநாட்டின்போது இவ்விலக்கு சேர்க்கப்பட்டது. அதன்படி, ஒரு நாட்டில் நன்கறியப்பட்ட குறியைப் பிறர் அதே வகைச் சரக்குக்கோ ஒத்த சரக்குக்கோ பதிவதையும் பயன்படுத்துவதையும் அந்நாடு தடுக்கவேண்டும். 1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் இதனைச் சேவைகளுக்கும் விரிவாக்கியது. பதிவுபெற்ற புகழ்க்குறியாயின், சரக்கு வேறுபட்டாலும், உரிமையாளருடன் தொடர்பு இருப்பதாக மக்கள் எண்ணி அவருக்குக் கேடு விளையக்கூடுமெனில் பாதுகாப்பு உண்டு என்றும் கூறியது. புகழை அளக்கும்போது 'தொடர்புடைய மக்கள் பிரிவினர்' பெற்றுள்ள அறிவைக் கருதவேண்டும் என்பது அதன் முதன்மையான விதி.

மலேசியா 1989-இல் பாரிஸ் உடன்படிக்கையில் சேர்ந்தது. 1976-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தில் நன்கறியப்பட்ட குறிகளுக்கான பிரிவுகள் 2001 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தன. இன்று நடப்பில் உள்ளது 2019-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம். அது 2019 டிசம்பர் 27-இல் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவில் நன்கறியப்பட்ட குறியாயின், அதன் உரிமையாளர் இந்நாட்டில் தொழில் நடத்தாதவராயினும் பாதுகாப்புக் கோரலாம். ஆனால், குறி 'மலேசியாவில்' நன்கறியப்பட்டிருத்தல் வேண்டும். உலகில் வேறெங்கோ பெற்ற புகழ் மட்டும் போதாது.

எந்த மக்கள் பிரிவு?

'தொடர்புடைய மக்கள் பிரிவினர்' என்னும் தொடருக்கு நாடுகள் ஒரே பொருள் கொள்ளவில்லை. தென்னாப்பிரிக்காவில் மெக்டோனல்ட்ஸ் நிறுவனம் 1968-இலேயே தன் குறிகளைப் பதிந்திருந்தும் பல்லாண்டுகள் பயன்படுத்தவில்லை. உள்ளூர் நிறுவனம் ஒன்று அப்பெயரில் கடை தொடங்க முற்பட்டபோது வழக்கு எழுந்தது. நாட்டு மக்களுள் பெரும்பாலோர் அப்பெயரை அறிந்திருக்கவேண்டும் என்று கீழ்நீதிமன்றம் கருதியது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ 1996-இல் அதனை மாற்றி, அத்தகைய உணவை வாங்கக்கூடியவரும் அத்தொழிலில் முதலிடக்கூடியவருமான பிரிவினரிடையே கணிசமானோர் அறிந்திருந்தாலே போதும் என்று தீர்ப்பளித்தது. வசதி படைத்தோர் பகுதிகளில் எடுத்த கருத்தாய்வே சான்றாக ஏற்கப்பட்டது. இக்கோல் வறியவரின் அறியாமையைப் பொருட்படுத்தாமல் விடக்கூடும் என்பது இங்கு எண்ணத்தக்கது.

அதே கோல் சிறுபான்மையினருக்குத் துணையாகவும் அமையும். மெக்சிகோவின் 'கிகான்ட்டே' பல்பொருள் அங்காடியின் பெயரை அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வேறொருவர் பயன்படுத்தினார். அமெரிக்கப் பொதுமக்களுள் பலர் அப்பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். அங்குக் குடியேறிய மெக்சிகோ மக்களோ நன்கறிவர். எல்லைக் கோட்பாட்டை விலக்கின்றிக் கடைப்பிடித்தால் குடியேறிய நுகர்வோர் ஏமாற்றப்படுவர் என்று 2004-இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. தொடர்புடைய அமெரிக்கச் சந்தையில் கணிசமானோர் அயல்நாட்டுக் குறியை அறிந்திருந்தால் அதற்குப் பாதுகாப்பு உண்டு என்றும் வகுத்தது.

தமிழ்நாட்டிலிருந்து புலம்பெயர்ந்தோருக்கும் இது பொருந்தும் சிந்தனையாகும். ஊர்ப்பெயரையும் தெய்வப்பெயரையும் போலவே, சரக்குப் பெயர்களையும் மக்கள் நினைவில் சுமந்துவந்தனர். ஒரு குறியின் புகழ் விளம்பரத்தால் மட்டும் கடல் கடப்பதில்லை, மனிதர்களோடும் கடக்கிறது.

எனினும், இச்சிந்தனை எங்கும் ஏற்கப்படவில்லை. டில்லியில் புகழ்பெற்ற 'புகாரா' உணவகத்தை நடத்தும் ஐ.டி.சி. நிறுவனம், நியூயார்க்கில் 'புகாரா கிரில்' என்ற பெயரில் 1999-இல் தொடங்கப்பட்ட உணவகத்தின்மீது வழக்குத் தொடுத்தது. அதனைத் தொடங்கியோருள் டில்லி உணவகத்தில் பணிபுரிந்தவரும் இருந்தனர். ஐ.டி.சி.யின் அமெரிக்கக் கிளைகள் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தன. அயல்நாட்டுப் புகழ்க்குறிக்கான விலக்கைக் கூட்டரசுச் சட்டம் வெளிப்படையாக ஏற்கவில்லை என்று இரண்டாம் வட்டார நீதிமன்றம் 2007-இல் கூறியது. நியூயார்க் நுகர்வோர் அப்பெயரை டில்லி உணவகத்தோடு தொடர்புபடுத்தினர் என்பதை மெய்ப்பிக்க இயலாமையால், மாநிலச் சட்டத்தின் கீழும் 2008-இல் ஐ.டி.சி. தோற்றது.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் போக்கிலும் மாற்றம் தெரிகிறது. 1996-இல் 'வேர்ல்பூல்' வழக்கில், இந்தியப் பதிவு 1977-இலேயே காலாவதியான போதிலும், இதழ் விளம்பரங்கள் வழியாக இந்தியாவில் பரவியிருந்த புகழ் பாதுகாக்கப்பட்டது. 2017-இல் டொயோட்டாவின் 'பிரியஸ்' வழக்கிலோ, உலகப் புகழ் மட்டும் போதாது, எதிர்த்தரப்பார் அப்பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய 2001-ஆம் ஆண்டிலேயே இந்தியச் சந்தையில் அந்நற்பெயர் இருந்ததற்குச் சான்று வேண்டும் எனக் கூறி, உள்ளூர் உதிரிப்பாக நிறுவனத்தின் பக்கம் நீதிமன்றம் நின்றது. 'எங்கே' என்னும் கேள்வியோடு 'எப்போது' என்னும் கேள்வியும் இங்குச் சேர்ந்துகொள்வது குறிப்பிடத்தக்கது.

மெக்கறி வழக்கு

மலேசிய இந்தியர்களுக்கு நெருக்கமான வழக்கு மெக்கறி வழக்கே. கோலாலம்பூர் ஈப்போ சாலையில் இந்தியத் தம்பதியர் 1999-இல் 'மெக்கறி' என்னும் உணவகத்தைத் தொடங்கினர். மலேசியக் கோழிக்கறி என்பதன் சுருக்கமே அப்பெயர் என்பது அவர்கள் தந்த விளக்கம். 1982 முதல் மலேசியாவில் இயங்கிவரும் மெக்டோனல்ட்ஸ், 2001-இல் மயக்க விற்பனைத் தடை கோரி வழக்குத் தொடுத்தது. 2006-இல் உயர் நீதிமன்றம் அந்நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

2009 ஏப்ரலில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. உணவகத்தை முழுமையாக நோக்கவேண்டும் என்பது அதன் அணுகுமுறை. மெக்டோனல்ட்ஸின் அடையாளம் பொன்னிற வளைவாக அமைந்த எழுத்து. மெக்கறியின் பலகையில் இருந்ததோ இரு கட்டைவிரல்களையும் உயர்த்திச் சிரிக்கும் கோழி. ஒன்றில் பர்கர், மற்றொன்றில் மீன்தலைக் கறியும் ரொட்டி சானாயும். இரண்டையும் நாடிச் செல்வோரும் வேறுபட்டவர். 'மெக்' என்னும் முன்னொட்டு மட்டும் ஒரு நிறுவனத்தின் தனியுடைமை ஆகாது என்பது முடிவு. 2009 செப்டம்பர் 8-இல் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்து, பத்தாயிரம் ரிங்கிட் செலவுத்தொகை செலுத்துமாறு மெக்டோனல்ட்ஸுக்கு ஆணையிட்டது.

இவ்வழக்கைச் சிறியவர் பெரியவரை வென்ற கதையாக மட்டும் மாணவர்க்குச் சொல்லுதல் போதாது. மெக்டோனல்ட்ஸின் புகழை மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுக்கவில்லை. அப்புகழ் மெக்கறியில் உண்ணச் செல்பவரை மயக்கியதா என்பதே வினா. மயக்கியதற்குச் சான்று இல்லை என்பதே விடை. பதிவுபெற்ற குறியை மீறிய வழக்காக இது நடத்தப்படவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். பதிவுபெற்ற குறியோடு நெருங்கிய பெயரை ஒத்த சரக்குக்கு வைப்போர் இத்தீர்ப்பைக் கேடயமாகக் கொள்ள இயலாது.

பிற நாடுகளில் அதே நிறுவனத்துக்குக் கிடைத்த முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. 2004-இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 'பிக் மாக்' என்னும் உள்ளூர்ப் பர்கர் விற்பனையாளருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஃபியூச்சர் என்டர்பிரைசஸ் நிறுவனம் 'மெக்டீ', 'மெக்நூடல்ஸ்' முதலிய கழுகுப் படக் குறிகளைப் பதிவதற்குத் தடையில்லை என்றது. ஆனால், அதே சிங்கப்பூர் நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிந்திருந்த 'மெக்காபி' என்னும் குறியை ஐரோப்பியப் பொது நீதிமன்றம் 2016-இல் ஏற்கவில்லை. புகழ்க்குறியின் மதிப்பிலிருந்து முறையற்ற பயன் பெறுவதையே அந்நீதிமன்றம் முதன்மையாகக் கருதியது. இரு தரப்பினரும் அவர்களே; நாடும் அளவுகோலும் மாறியபோது முடிவும் மாறிற்று.

தோட்டத்திலிருந்து வந்த சிறுவணிகர்

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு மாற்றப்பட்டும் வந்த பின்னர், வட சிலாங்கூர்த் தமிழ்க் குடும்பங்கள் பல சிறுவணிகத்துக்கு வந்துள்ளன. கறித்தூள், ஊறுகாய், முறுக்கு, உணவுக்கடை ஆகியவை அவர்களின் தொழில்கள். இவர்களுக்குப் பெயரே முதல். ஆனால், நடைமுறையில் மூன்று தவறான எண்ணங்கள் பரவலாக உள்ளன.

முதலாவது, மலேசிய நிறுவன ஆணையத்தில் தொழிலைப் பதிந்தாலே பெயர் தமதாகிவிடும் என்பது. அது தொழில் நடத்துவதற்கான பதிவே. வணிகக்குறி உரிமையை மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில்தான் பதியவேண்டும். அவ்வுரிமை பத்தாண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்கத்தக்கது. இரண்டாவது, தமிழில் எழுதிய பெயரைப் பதிய இயலாது என்பது. உரோமன் அல்லாத எழுத்தில் அமைந்த குறிக்கு ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் இணைத்துப் பதியலாம். மூன்றாவது, இங்குப் பதிந்தால் எங்கும் செல்லும் என்பது. மலேசியா 2019 டிசம்பர் முதல் மட்ரீட் நெறிமுறையில் உறுப்பு நாடாக உள்ளதால், ஒரே விண்ணப்பத்தின் வழி பல நாடுகளைக் குறிப்பிடலாம். எனினும் ஏற்பதா மறுப்பதா என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படியே முடிவுசெய்யும்.

இவற்றுள் இரண்டாவது, தமிழாசிரியரின் துறையைச் சார்ந்தது. 'மல்லித்தூள்' போன்று சரக்கை விவரிக்க மட்டும் பயன்படும் சொல் ஒருவருக்கே உரியதாகாது. சரக்கோடு நேரடித் தொடர்பற்ற சொல்லே வலிமையான குறியாகும். ஒரு தமிழ்ச்சொல் விவரிப்புச் சொல்லா, பெயர்ச் சிறப்புடையதா என்பதை அலுவலர் அறிவதற்கு, பொருளைத் திட்பமாக உணர்த்தும் மொழிபெயர்ப்பு வேண்டும். நம் மாணவர்க்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியில் இத்தகைய பாடமொன்று அமைவது பொருத்தமாகும். தோட்ட முதியோர் சரக்குகளுக்கு இட்டு வழங்கிய பெயர்களைத் தொகுப்பதும் பயனுள்ள கள ஆய்வாகும். ஒரு குறியை மக்கள் எவ்வாறு அறிந்திருந்தனர் என்பதற்கு அப்பெயர்களே சான்றாகும் என்பதைச் 'சிவப்புத் தாள்' வழக்கு காட்டியுள்ளது.

முடிவுரை

புகழ்பெற்ற வணிகக்குறிக்கு உலகளாவிய ஒற்றைப் பாதுகாப்பு என ஒன்று இல்லை. பொதுவான விதிகளை உடன்படிக்கைகள் வகுத்துள்ளன. புகழ் எங்கே, எப்போது, யாரிடத்து என்பதை ஒவ்வொரு நாடும் சான்று கேட்டே முடிவுசெய்கிறது. பெரிய நிறுவனமாயினும் அச்சான்றைத் தரவேண்டும். சிறிய கடையாயினும் பிறர் ஈட்டிய நற்பெயரைத் தனதாகக் காட்டுதல் கூடாது. பெயர் தேர்ந்தெடுக்கும்போதே பதிவேட்டைப் பார்ப்பதும், கடிதம் வந்தால் பலகையைக் கழற்றுவதற்கு முன் வழக்கறிஞரை நாடுவதும் எவராலும் இயலக்கூடியவை.

மாணவியின் தாயார் பின்னர் தம் தாயாரின் பெயரைக் கடைக்கு வைத்தார். பலகை தமிழிலும் மலாயிலும் எழுதப்பட்டுள்ளது. பதிவுக்கான விண்ணப்பத்தில் இணைக்கவேண்டிய ஒலிபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் முதலில் எழுதிப் பார்த்தவர் அம்மாணவியே.